டிரம்மரின் காதுக்குள் ஒரு டிக் டிக்

மேற்கத்திய பாப் கச்சேரியில் மேடையில் நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள். பாடகி, டிரம்மர், கிடார் ஒருவர், கீபோர்டு ஒருவர். ஒலிபெருக்கியிலோ வயலின் கூட்டமும் பத்துக் குரல் கோரஸும் கேட்கின்றன. அவை மேடையோரத்தில் ஓடும் மடிக்கணினியிலிருந்து வருகின்றன.

இதற்கெல்லாம் காரணகர்த்தா புரொட்யூசர். சினிமாவில்போல முதல் போடுபவர் அல்ல. பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்பவர். நம் இசையமைப்பாளர்கள் செய்யும் வேலையில் பெரும்பங்கு அங்கே இவருடையது.

பல்லவியில் குரல் கனமாகக் கேட்க வேண்டுமா? ஒரே வரியை ஒரே பாடகியைப் பலமுறை பாடவைத்து, பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். ஒவ்வொரு முறையும் சுருதியும் நேரமும் மயிரிழை விலகும். கனம் அந்த விலகலில்தான் பிறக்கிறது. ஒரே பதிவை நகலெடுத்து அடுக்கினால் சத்தம் மட்டுமே கூடும். இப்படித் திரும்பத் திரும்பப் பாடுவது பீட்டில்ஸுக்குச் சலித்துப்போகவே, 1966இல் அபே ரோடு ஸ்டூடியோ பொறியாளர் கென் டவுன்சென்ட் இன்னொரு டேப்பைச் சற்றே விலக்கி ஓடவிட்டு, இயந்திரத்திலேயே அந்த விளைவைக் கொண்டுவந்தார்.

இன்று ஒரு பாட்டில் நூறு தடங்கள், அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகள், இருப்பது சாதாரணம். நான்கு பேரால் அத்தனையையும் வாசிக்க முடியாது. வாசிக்க ஆளில்லாத தடங்களைப் பிரித்துக் கணினியில் ஏற்றிக்கொள்கிறார்கள். அதுதான் பேக்கிங் டிராக்.

சிக்கல் என்னவென்றால், கணினி யாருக்காகவும் காத்திருக்காது. மனிதர்கள்தான் அதன் தாளத்துக்குள் நிற்க வேண்டும். அதனால் டிராக்குடன் சேர்ந்து ஒரு 'கிளிக்' ஓடுகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் அரை நொடிக்கு ஒரு டிக். வாசிப்பவர்களின் காதுக்கருவிக்கு மட்டுமே அது போகும், ரசிகர்களுக்குக் கேட்காது. 'தி ஹூ' குழு 1971இலேயே சின்தசைசர் பகுதியை டேப்பில் ஓடவிட்டு வாசித்தது. அதைத் தவறவிடாமலிருக்க டிரம்மர் கீத் மூன் ஹெட்போன் மாட்டிக்கொள்வார்.

கோரஸ் டிராக்கில் வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதன்மைக் குரலே பதிவென்றால், டிக்கெட் வாங்கியவர் ஏமாற்றப்படுகிறார். 1989இல் அமெரிக்க மேடையொன்றில் 'மில்லி வனில்லி' இரட்டையர் வாயசைத்துக்கொண்டிருந்தபோது பதிவு சிக்கி, ஒரே துண்டு வரி திரும்பத் திரும்ப ஒலித்தது. ஆல்பத்தில் இருப்பதே வேறு ஆட்களின் குரல் என்பதை மறு ஆண்டு புரொட்யூசர் ஃபிராங்க் ஃபாரியன் ஒப்புக்கொண்டார். கிராமி விருது பறிபோனது.

இப்போது அப்படிச் சிக்காமலிருக்க இரண்டு கணினிகள் ஒரே டிராக்கைச் சேர்ந்தே ஓட்டுகின்றன. பாட்டோடு முதல் கணினி ஒரு தனித்தடத்தில் இடைவிடாத ரீங்காரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். ரீங்காரம் நின்றால், கணினி நின்றுவிட்டது என்று பொருள். இரண்டு கணினிகளுக்கும் நடுவே இருக்கும் மாற்றுக்கருவி உடனே அடுத்த கணினிக்குத் தாவிவிடும். காத்திருக்காது என்ற குறையும் ஓரளவு தீர்ந்திருக்கிறது. கூட்டம் ஆர்ப்பரித்துப் பாடகி கைகாட்டினால், ஏபிள்டன் லைவ் போன்ற மென்பொருளில் பல்லவியை மட்டும் இன்னொரு சுற்று ஓடவிடலாம். அப்போதும் கிளிக் நிற்பதில்லை.