காய்ச்சல் விட்ட பிறகுதான் எங்கள் வேலை தொடங்குகிறது

வடகிழக்குப் பருவமழை தொடங்கிச் சில வாரங்களுக்குள் அரசு மருத்துவமனைகளின் காய்ச்சல் வார்டுகள் நிரம்பிவிடும். தமிழ்நாட்டில் 20,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு உறுதியான 2017ஆம் ஆண்டில், கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டித்தான் நாங்கள் டிரிப்ஸ் மாற்றினோம். கொரோனா பரவிய காலத்தில் அந்த வார்டுக்குள் உறவினர் எவரும் வர முடியவில்லை. டெங்கு ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரடியாகத் தொற்றுவதில்லை என்பதால், இங்கே ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் ஒரு குடும்பமே நிற்கும். அவர்களுக்கு விளக்கம் சொல்வதிலேயே ஒரு செவிலியரின் பணிநேரத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது.

அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “சிஸ்டர், தட்டணு எவ்வளவு?” பிளேட்லெட் எனப்படும், இரத்தம் உறைய உதவும் இந்த அணுக்களின் எண்ணிக்கை காலையில் ஒரு லட்சம் இருந்தது மாலையில் 60,000 ஆகிவிட்டால் அழுகையும் தொலைபேசி அழைப்புகளும் தொடங்கிவிடும், இரத்த வங்கிக்கு ஓடத் தயாராகிவிடுவார்கள். இரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்கு, எண்ணிக்கை 10,000க்குக் கீழே இறங்கினாலொழியத் தட்டணு ஏற்றுவது பொதுவாகத் தேவைப்படாது என்று எத்தனை முறை சொன்னாலும், வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றே நினைக்கிறார்கள். தொலைக்காட்சிச் செய்திகள் ஆண்டுதோறும் தட்டணுவையே பேசிப் பேசி இந்தப் பயத்தை வளர்த்துவிட்டன என்பது என் எண்ணம்.

நாங்கள் அஞ்சுவது வேறொன்றுக்கு. காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடல் வெப்பம் இறங்கும். அந்த நேரத்தில்தான் சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கத் தொடங்குகிறது. இரத்தம் கெட்டிப்படுகிறது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும், நாங்கள் பிசிவி என்று குறிப்பிடும் அளவு, இயல்பைவிட 20 விழுக்காடு உயர்ந்தால் கசிவு கணிசமாகிவிட்டது என்று பொருள். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும் இந்தக் கட்டத்தில்தான், “காய்ச்சல் விட்டுப்போச்சு, டிஸ்சார்ஜ் பண்ணிடுங்க” என்று கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

ஒரு சிறுவன் நினைவுக்கு வருகிறான். காய்ச்சல் இல்லை, எழுந்து உட்கார்ந்து தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தான். அவன் தாயார் பையைக் கட்டி வைத்துவிட்டார். பாதத்தைத் தொட்டால் சில்லிட்டிருந்தது. நகத்தை அழுத்திவிட்டு எடுத்தால் சிவப்பு திரும்பத் தாமதமானது. இரத்த அழுத்தம் 100/84. மேலே உள்ள எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது இயல்பாகவே தோன்றும். இரண்டு எண்களுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே குறுகுவது, உடலுக்கு இரத்த ஓட்டம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலையின் (ஷாக்) அடையாளம். வீட்டுக்குப் போகவிருந்தவனை அப்போதே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினோம், பிழைத்துக்கொண்டான்.

இந்தக் கட்டத்தில் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீர் ஆகியவற்றை மணிக்கொரு முறை பார்த்துச் சார்ட்டில் எழுத வேண்டும். வார்டு நிரம்பி வழியும் இரவில் இது தனியொரு செவிலியரால் ஆகிற காரியமன்று. ஆகவே பழைய தண்ணீர் பாட்டிலில் பிளாஸ்டரை ஒட்டி அளவுக்கோடு போட்டு, சிறுநீர் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்து வைக்குமாறு உடனிருப்பவர்களிடம் கொடுத்துவிடுகிறோம். முகம் சுளிக்காமல் அதைச் செய்யும் ஒரு பாட்டி, எனக்கு இன்னொரு செவிலியர் கிடைத்த மாதிரி.

டிரிப்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. “இன்னும் ரெண்டு பாட்டில் போடுங்க சிஸ்டர், தெம்பா இருக்கும்” என்பார்கள். கசிந்த நீர் ஓரிரு நாளில் தானாகவே இரத்தக் குழாய்களுக்குத் திரும்பும். அப்போதும் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் வரும். வேகத்தைக் கூட்டுவதில் காட்டும் கவனத்தைக் குறைப்பதிலும் காட்ட வேண்டியிருக்கிறது.

பப்பாளி இலைச் சாற்றை வெறும் வயிற்றில் புகட்டி, பிள்ளை விடாமல் வாந்தி எடுத்தால், அது சாற்றால் வந்ததா நோய் முற்றுவதன் அறிகுறியா என்று எங்களால் பிரித்தறிய முடிவதில்லை. மாதுளை, பீட்ரூட் சாறும் அப்படியே. சிவந்த வாந்தியைப் பார்த்து வார்டே பதறும். உப்பு-சர்க்கரைக் கரைசல், இளநீர், கஞ்சி, மோர் போதும். அந்தச் சாறுகளைவிடக் கெடுதல், இங்கு வருவதற்கு முன்பே உடல்வலிக்கென்று போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபினாக் ஊசி. அது இரத்தக்கசிவைத் தூண்டும். பாராசிட்டமாலைத் தவிர வேறு வலிமருந்து எதுவும் வேண்டாம்.

புழுக்கம் தாங்காமல் கொசுவலையைச் சுருட்டி மேலே போட்டுவிடுவதுதான் எங்களுக்கு அன்றாடத் தகராறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. நோயாளியைக் கடித்த கொசு சில நாள்கள் கழித்து அடுத்த கட்டிலில் இருப்பவரையோ எங்களையோ கடித்தால் நோய் அங்கே போய்விடும். ஜன்னலுக்கு வெளியே வீசப்படும் டீ கப்பில் தேங்கும் மழைநீரே இந்தக் கொசு முட்டையிட்டுப் பெருகப் போதும்.

காய்ச்சல் மருந்து இல்லாமலேயே 48 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்து, பசி திரும்பி, சிறுநீர் தாராளமாகப் போய், மூச்சுத்திணறல் இன்றி, தட்டணு ஏறுமுகமாக இருந்தால் வீட்டுக்கு அனுப்புவோம். போன பிறகு கைகால்களில் சிவந்த தடிப்பும் கடுமையான அரிப்பும் கண்டு சிலர் பயந்துகொண்டு திரும்பி வருகிறார்கள். அது நோய் தேறி வருகையில் காணும் தடிப்பு. சில நாள்களில் தானே அடங்கிவிடும்.