நாக்கில் தெரியும் ரத்தம்

நாயின் நாக்குக்கென்று பெரும்பாலும் தனி நிறம் கிடையாது. மேல்தோல் மெல்லியது. அதனடியில் நெருக்கமாக ஓடும் தந்துகிகளில் இருக்கும் ரத்தம்தான் நமக்கு இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. உடம்பு முழுக்க முடி போர்த்திய ஒரு பிராணியில், ஊசி குத்தாமல் ரத்தத்தைப் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் சில மட்டுமே: நாக்கு, ஈறு, கீழிமையின் உட்புறம். ஆகவே நாக்கு வெளுத்தாலும் நீலம் பாய்ந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, ரத்தத்துக்கு என்ன ஆயிற்று என்பதுதான்.

நம் ஊரில் அதிகம் பார்க்கக் கிடைப்பது வெளுப்பு. காரணங்களில் முன்னால் நிற்பது உண்ணி. காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பழுப்பு உண்ணி குடிக்கும் ரத்தத்தைவிட, அது விட்டுச்செல்லும் கிருமிகள்தான் ஆபத்து. பபீசியா என்ற ஒற்றைச் செல் உயிரி சிவப்பணுவுக்குள்ளேயே புகுந்து பெருகி அதை உடைக்கிறது. எர்லிக்கியா என்ற பாக்டீரியா வெள்ளணுக்களில் குடியேறும். நாள்பட்டால் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும், புது ரத்தம் ஊறுவது நின்றுபோகும். வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் நாய்கள் நூற்றுக்கும் மேல் இந்த எர்லிக்கியாவால்தான் செத்தன.

குட்டிகளில் வெளுப்புக்குக் கொக்கிப்புழு முக்கியக் காரணம். தாய்ப்பால் வழியாகவே தொற்றிக்கொண்டு, குடல் சுவரைக் கடித்து ரத்தம் உறிஞ்சும். எலி மருந்து வேறு வகை. அது ரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே-யின் சுழற்சியைத் தடுக்கிறது. தின்ற அன்று நாய் நன்றாகத்தான் ஓடியாடும். கையிருப்பில் உள்ள உறைபொருட்கள் தீர்ந்தபிறகு, சில நாள் கழித்து, உள்ளுக்குள் ரத்தம் கசியத் தொடங்கும். வெளியே காயம் இல்லாமல் ஈறும் நாக்கும் வெளுத்திருந்தால் மருத்துவர் எலி மருந்து வைத்தீர்களா என்று விசாரிப்பது இதனால்தான். மாற்றுமருந்தாக வைட்டமின் கே1 இருக்கிறது, நேரத்துக்குப் போனால் பிழைக்கும்.

ரத்தம் குறைந்தால்தான் வெளுக்கும் என்றில்லை. ரத்தம் இருந்தும் ஓரத்துக்கு வந்து சேராவிட்டாலும் வெளுக்கும். அடிபட்டோ உள்ளே ரத்தம் கொட்டியோ அதிர்ச்சி நிலைக்குப் போன உடல், மூளையையும் இதயத்தையும் காப்பாற்ற வாய், தோல், கால் பக்கம் போகும் குழாய்களைச் சுருக்கிவிடும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. மேலுதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். அழுத்திய இடம் வெள்ளையாகி, இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் ரத்த ஓட்டமே மந்தமாக இருக்கிறது, அது அவசரம். வெளுத்திருந்தும் சட்டென்று திரும்பினால் சோகையாக இருக்கலாம். வலியில் இருக்கும் நாய் சொந்தக்காரரையும் கடிக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

நீல நாக்கு எல்லோரையும் பயமுறுத்தும். ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பு, ஆக்ஸிஜனை இறக்கிவிட்டது கருஞ்சிவப்பு. இந்த இரண்டாவது வகை அதிகமானால் நாக்கு நீலமோ ஊதாவோ ஆகும். பக் போன்ற தட்டை முக நாய்கள் வெயிலில் மூச்சுத் திணறும்போதும், வயதான லேப்ரடாரின் குரல்வளை செயலிழக்கும்போதும், நுரையீரலில் நீர் கோக்கும்போதும் இது நடக்கும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கண்ணுக்கு நீலம் தெரிய, ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் சுமார் 5 கிராம் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜன் இல்லாமல் இருக்க வேண்டும். ஆரோக்கியமான நாய்க்கு மொத்தம் 12 முதல் 18 கிராம் வரை இருக்கும். 15 கிராம் உள்ள நாய்க்கு மூன்றில் ஒரு பங்கு காலியானால்தான் நீலம். அதாவது, நீலம் தெரிகிறதென்றால் ஏற்கெனவே ரொம்பத் தாமதம். உண்ணிக் காய்ச்சலில் 6 கிராமுக்கு இறங்கிவிட்ட நாய்க்கோ, நீலம் தெரியும் முன்பே உயிர் போய்விடும். சோகை பிடித்த நாய் மூச்சுக்குத் தவித்தாலும் நாக்கு வெறும் வெளுப்பாகவே இருக்கும். நாக்கு நீலமாகவில்லையே என்று அந்த நாயை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

இன்னொரு வினோதமும் உண்டு. கருவில் இருக்கும்போது நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைத்திருக்கும் சிறு குழாய், பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டும். சில நாய்களில் மூடாது. நுரையீரல் பக்கம் அழுத்தம் ஏறிவிட்டால், ஆக்ஸிஜன் இல்லாத ரத்தம் அந்த வழியாக மகாதமனிக்குள் பாயும். குழாய் சேரும் இடமோ, தலைக்குப் போகும் கிளைகள் பிரிந்த பிறகு வருகிறது. விளைவு: நாக்கு அழகான இளஞ்சிவப்பு, பின்புறத்தில் பிறப்புறுப்புப் பகுதி மட்டும் நீலம். வாயை மட்டும் பார்த்தவருக்கு நோயே தெரியாது.

சிவப்புக்கு வருவோம். நாய்க்கு வியர்வை பெரும்பாலும் பாதத்தில்தான். உடலைக் குளிர்விப்பது நாக்கும் மூக்கின் ஈரப்பரப்பும். சூடு ஏறும்போது நாக்குக்குப் போகும் ரத்தம் பல மடங்காகும், நாக்கு உப்பி நீண்டு தொங்கும். நிமிடத்துக்குச் சுமார் 300 முறை இரைக்கும். அவ்வளவு வேகமாக மூச்சுவிட்டால் அந்த உழைப்பே உடலைச் சூடாக்கிவிடாதா? 1962-இல் க்ராஃபோர்டு என்ற ஆய்வாளர் இதற்கு விடை சொன்னார். நெஞ்சுக்கூடும் நுரையீரலும் இயல்பாகவே நொடிக்கு ஐந்து முறை அளவில் அதிரக்கூடியவை. நாய் அதே தாளத்தில் இரைக்கிறது. ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளுவதுபோல, குறைந்த உழைப்பில் நிறையக் காற்று.

ஓடிவிட்டு வந்த நாயின் நாக்கு சிவந்திருப்பது சகஜம், ஓய்வெடுத்தால் அடங்கிவிடும். அடங்காமல் செங்கல் நிறத்துக்கு ஈறும் சேர்ந்து சிவந்து, எச்சில் பிசுபிசுத்து, நடை தள்ளாடினால் அது வெப்பவாதம். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் சொச்சம். 41-ஐத் தாண்டினால் உறுப்புகள் கெடத் தொடங்கும். சென்னை மாதிரி ஈரப்பதம் மிகுந்த ஊரில் நாக்கின் ஈரம் ஆவியாவதே கஷ்டம் என்பதால், வெளியே எத்தனை டிகிரி வெயில் என்பதை மட்டும் நம்பக் கூடாது. முதலில் தண்ணீர் ஊற்றி நனைத்து, காற்று படவிட்டு, அப்புறம் மருத்துவரிடம் கொண்டுபோக வண்டியில் ஏற்றுங்கள்.

சிவப்பிலும் பொய்ச் சிவப்பு ஒன்று உண்டு. மூடிய அறையில் ஜெனரேட்டரோ கரி அடுப்போ ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சேர்மத்தின் நிறமும் செக்கச்செவேல். உடல் மூச்சடைத்துக் கிடக்க, நாக்கு மட்டும் பழமாகச் சிவந்திருக்கும். மயக்க மருந்து கொடுத்த நாயின் நாக்கில் மருத்துவர்கள் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் இதில் ஏமாறும், அதுவும் நிறத்தைத்தானே பார்க்கிறது! கொரோனா காலத்தில் வாங்கிய கருவியை விழித்திருக்கும் நாயிடம் கொண்டுபோக வேண்டாம், நாக்கை அசைத்துக்கொண்டே இருக்கும்; கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

காய்ச்சல் என்று வீட்டிலுள்ள பாராசிட்டமாலைப் பொடித்துக் கொடுப்பவர்களுக்குப் பழுப்பு நிறம் தெரிந்திருக்க வேண்டும். அளவு மீறினால் அது ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை ஆக்ஸிஜனேற்றம் செய்து, ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாததாக்கிவிடும். ரத்தம் சாக்லேட் நிறமாகும், நாக்கு சேறு பூசியதுபோல் தெரியும். கல்லீரலும் கெடும். பூனைக்கு இது இன்னும் கொடியது. சாம்பார் சோற்றில் போகும் வெங்காயமும் சிவப்பணுவைத் தாக்குகிறது, ஆனால் முடிவில் நாக்கு பெரும்பாலும் வெளுக்கும். மஞ்சள் நிறம், சிவப்பணு சிதையும்போது உண்டாகும் பிலிரூபின் என்ற நிறமியின் வேலை: கல்லீரல் கோளாறு, பபீசியா, எலிக்காய்ச்சல். கண்வெள்ளையையும் காதின் உட்புறத்தையும் சேர்த்துப் பாருங்கள், பகல் வெளிச்சத்தில். மஞ்சள் பல்பின் கீழ் லேசான காமாலை மறைந்துவிடும்.

கடைசியாகக் கறுப்பு. சௌ சௌ, ஷார்பே இன நாய்களுக்கு நாக்கு நீலக்கறுப்பாக இருப்பதே இயல்பு. பிறக்கும்போது இளஞ்சிவப்பு, சில வாரங்களில் மெலனின் என்ற கருநிறமி பரவிவிடும். மற்ற நாய்களிலும், தெருநாய் உட்பட, தட்டையான கரும்புள்ளிகள் சாதாரணம். புதிதாக வந்து, மேடிட்டு, வளரும் புள்ளிதான் கவலை. வாயில் வரும் மெலனோமா என்ற புற்றுநோய் பொல்லாதது.

இன்னொரு கறுப்புக்கு மருத்துவ வரலாற்றில் பெரிய இடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மக்காச்சோளத்தை நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெல்லாக்ரா வாட்டியது: தோல் புண், வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம். அது தொற்றுநோய் அல்ல, உணவுக் குறை என்று வாதாடியவர் ஜோசப் கோல்ட்பெர்கர். அதே ஊர்களில் நாய்களுக்கு வந்த கருநாக்கு நோயும் அதே குறைதான் என்றும், ஈஸ்ட் கொடுத்தால் குணமாகிறது என்றும் 1920-களில் காட்டினார். ஈஸ்ட்டில் இருப்பது எது என்று தெரியாமலேயே 1929-இல் இறந்துபோனார். 1937-இல் விஸ்கான்சினில் கான்ராட் எல்வேஜெம் நிக்கோட்டினிக் அமிலத்தைக் கொடுத்து ஒரு கருநாக்கு நாயைத் தேற்றினார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே வேதியியலாளர்களின் அலமாரியில் இருந்த அந்தப் பொருள்தான் நியாசின் என்ற வைட்டமின்.

கதை ஹைதராபாத்துக்கும் வந்தது. தக்காணத்தில் சோளம் (ஜோவார், மக்காச்சோளம் அல்ல) சாப்பிடுவோருக்குப் பெல்லாக்ரா வருவதை ஆராய்ந்தவர் அங்கிருந்த ஊட்டச்சத்து ஆய்வாளர், சேலத்தில் பிறந்த சி. கோபாலன். சோளத்தில் மிகுந்திருக்கும் லியூசின் என்ற அமினோ அமிலம் நியாசின் உருவாவதைக் கெடுக்கிறது என்று 1960-இல் ஸ்ரீகாந்தியாவுடன் சேர்ந்து முன்வைத்தார். பின்னர் அவரும் பெலவாடியும் சோள உணவு கொடுத்தே நாய்களில் கருநாக்கை உண்டாக்கிக் காட்டினார்கள். லியூசின் விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை, வாதம் பல ஆண்டுகள் நீண்டது.

இறைச்சி, முட்டை, அல்லது கடையில் விற்கும் தீவனம் கிடைக்கும் நாய்க்கு இன்று இந்த நோய் வருவதில்லை. நாக்கு நுனி கறுத்துப் புண்ணாகி, வாயில் அமோனியா நெடி வீசும் நாயைக் கொண்டுபோனால் மருத்துவர் நியாசினை நினைக்க மாட்டார். ரத்தம் எடுத்து, யூரியாவும் கிரியேட்டினினும் எவ்வளவு என்று பார்ப்பார், ஏனென்றால் பெரும்பாலும் அது சிறுநீரகம்.