செம்மண்ணில் ஓட்டைக் காலணா தேடுவது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் நண்பர் வீட்டுக் கொல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய மெட்டல் டிடெக்டரை ஆன் செய்து தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும், காசே இல்லாத இடத்தில் அது கத்த ஆரம்பித்தது. "காசு தேடறீங்களா, போர் போட தண்ணி பாக்கறீங்களா?" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டார். மெஷினில் கோளாறு இல்லை, கத்த வைத்தது மண்தான். ஏன் என்று தெரிய, கம்பின் முனையில் இருக்கும் அந்த வட்டத் தட்டுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள்கள் இரண்டு. ஒன்றில் மாறுதிசை மின்னோட்டம் ஓடுகிறது. காசு தேடும் கருவிகளில் அதன் அதிர்வெண் பெரும்பாலும் 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸ். அதனால் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலம் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, கேட்கும் சுருள். முதல் சுருளின் தாக்கம் இதில் கூட்டிக் கழித்துப் பூஜ்யமாகும்படி இரண்டையும் லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் பொருத்தியிருப்பார்கள். தட்டு காலியாக இருக்கும் தராசு முள் மாதிரி எல்லாம் சமமாக நிற்கும். கீழே உலோகம் வந்தால், மாறும் காந்தப்புலம் அதற்குள் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பும். அது தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்கும். சமநிலை குலையும், சத்தம் வரும்.

இந்தச் சுழல் மின்னோட்டத்தைக் கண்கூடாகப் புரிந்துகொள்ள ஓட்டைக் காலணா நல்ல உதாரணம். 1943 முதல் 1947 வரை அடித்த வெண்கலக் காசு, நடுவில் பெரிய ஓட்டை. அவ்வளவு உலோகம் போய்விட்டதே, சிக்னலும் குறையும் என்றுதான் தோன்றும். ஆனால் பெரிதாகக் குறைவதில்லை. காசின் விளிம்பை ஒட்டி ஓடும் மின்னோட்டம்தான் பெரும்பங்கு பதிலைத் தருகிறது. நடுப்பகுதியின் பங்கு மிகச் சொற்பம். வீட்டிலேயே சோதிக்கலாம். மேல்பூச்சைச் சுரண்டிய செம்புக் கம்பியை வளையமாக்கி, முனைகளை இறுக்கி முறுக்கிக் காட்டினால் டிடெக்டர் கணீரென்று கத்தும். முறுக்கைப் பிரித்து முனைகளைத் தள்ளி வைத்தால், அதே கம்பிக்குச் சத்தம் அடங்கிவிடும். மின்னோட்டம் சுற்றி வர வழியில்லை. மெல்லிய தங்கச் சங்கிலி தொலைந்தால் டிடெக்டர் லேசில் கண்டுபிடிக்காததும் இதனால்தான். கண்ணிக்குக் கண்ணி தொடுப்பு சரியாக இருக்காது.

இன்ன உலோகம் என்று ஊகிப்பது அடுத்த வித்தை. உலோகத்தின் பதில் கொஞ்சம் தாமதமாக வரும். கனமான வெள்ளியில் அந்தத் தாமதம் அதிகம், மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளில் குறைவு. இதை அளந்துதான் திரையில் எண் காட்டுகிறார்கள். இரும்பு காந்தத் தன்மை உள்ளது, அதன் பதில் வேறு ரகம்.

இங்கேதான் நம் ஊருக்குச் சிக்கல். கைக்கு வரும் பழைய கருவிகளில் பலவற்றின் திரையில் டைம், குவார்ட்டர் என்று அமெரிக்கக் காசுகளின் பெயர்தான் இருக்கும். நம்முடைய இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்; காந்தத்தில் ஒட்டும். ஆணித் தொல்லை வேண்டாம் என்று 'இரும்பை ஒதுக்கு' பட்டனை அழுத்தினால் அந்த ரூபாயும் சேர்ந்து ஒதுங்கலாம். பழைய வெள்ளி ரூபாய்க்கு இந்தப் பிரச்சினை இல்லை. 11.66 கிராம், 1939 வரை பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. எண் உச்சத்துக்குப் போகும். ஆக, கருவியோடு வரும் புத்தகத்தை மூடிவிட்டு, காலணா, அலுமினிய அஞ்சு பைசா, சோடா மூடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டி எண்ணைக் குறித்துக்கொள்வதே மேல். காசை இப்படிச் சோதிப்பது புதிதில்லை. 1879-லேயே டேவிட் ஹியூஸ் என்ற கண்டுபிடிப்பாளர் இதே சமநிலைத் தத்துவத்தில் நல்ல காசையும் கள்ளக் காசையும் பிரித்துக் காட்டினார்.

சரி, மண்ணுக்கு வருவோம். நீலகிரியின் செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு நிறைய. சிவப்பு நிறம் தரும் ஹேமடைட் அவ்வளவு தொல்லை இல்லை. காந்தத் தன்மை அதிகமுள்ள இரும்பு ஆக்சைடுகளான மேக்னடைட், மேக்ஹமைட் துகள்கள்தான் வில்லன்கள். களையைக் குவித்து எரித்த இடத்தில் சூட்டில் சாதாரண இரும்பு ஆக்சைடும் மேக்ஹமைட்டாக மாறும். பழைய சாம்பல் மேட்டின் மேல் கருவி உளறுவது அதனால்தான். மருந்து, கிரவுண்ட் பேலன்ஸ்; அதாவது மண்ணின் பதிலைக் கழித்துவிடும் குமிழ். உலோகம் இல்லாத இடம் பார்த்துத் தட்டை ஏற்றி இறக்கி, மண்ணின் பதில் மறையும்வரை அதைத் திருக வேண்டும். பத்தடி தள்ளிப் போனால் மறுபடியும் திருக வேண்டியிருக்கும். இந்த வசதி இல்லாத மலிவுக் கருவியை மலைக்கு வாங்கவே வேண்டாம் என்பேன்.

பழைய கருவி வாங்கும்போது பேட்டரிப் பெட்டியில் பச்சை பூத்திருக்கிறதா, கேபிளை ஆட்டினால் சத்தம் வருகிறதா, தட்டு உறைக்குள் மண் அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். ட்யூப்லைட், கம்பி போட்ட கான்கிரீட் பக்கத்தில் சோதிக்காதீர்கள். ஆழத்தைப் பற்றி விற்பவர் சொல்வதை நம்பவும் வேண்டாம். தட்டின் அகலத்தைத் தாண்டிய தூரத்தில், ஆழம் இரண்டு மடங்கானால் சிக்னல் ஏறக்குறைய 64-ல் ஒரு பங்காகிவிடும். ஒற்றைக் காசுக்கு ஒரு சாண் ஆழம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

தோண்டுவதற்கு நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். வனத்துறை நிலமும் கல்வட்டங்கள், கல்திட்டைகள் இருக்கும் இடமும் கூடவே கூடாது. மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் வருடப் புதையல் சட்டம்.

தேயிலைக்குப் பிடித்த அமில மண் செம்புக்கு ஆகாது. எடுத்த காசில் களிம்பு ஏறித்தான் இருக்கும். குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்தால் மேல்தோலோடு எழுத்தும் போய்விடும். வெறும் தண்ணீரில் ஊறவைத்து, மண்ணை மட்டும் மெல்ல எடுங்கள்.