போஸ்டர் என்றால் சுவரொட்டிதானா?

போன மாதம் எங்கள் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து கருத்தரங்க அழைப்பு வந்தது. "சுவரொட்டி விளக்கக்காட்சியில் பங்கேற்போர் தங்கள் சுவரொட்டிகளைக் காலை 10 மணிக்குள் ஒட்டிவிட வேண்டும்" என்று போட்டிருந்தார்கள். ஆய்வைத் தாளில் எழுதி மாட்டிவைத்துப் பக்கத்தில் நின்று விளக்கும் போஸ்டர் பிரசென்டேஷனைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். இதே வரியை எத்தனை அழைப்பிதழில்தான் படிப்பது! கேழ்வரகு விதை நேர்த்தி பற்றி இரண்டு பருவம் வயலில் உழைத்த என் மாணவி இதை அப்படியே நம்பி, தருமபுரியில் கட்சிக்காரர்களுக்கு அடித்துக் கொடுக்கும் அச்சகத்துக்குப் போய்விட்டாள். அச்சகக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை காப்பிம்மா, ஐநூறா ஆயிரமா?" ஒன்று போதும் என்றதும் அவருக்கும் குழப்பம். கடைசியில் சுவரில் ஒட்டுகிற அதே மெல்லிய தாளில், தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி கொட்டை எழுத்தில் எட்டு வரி போட்டு வாங்கி வந்தாள். கருத்தரங்குக்குப் போனால் சுவரும் இல்லை, பசையும் இல்லை. துணி போர்த்திய பலகையும் நாலு குண்டூசியும்தான். மின்விசிறிக் காற்றில் மதியத்துக்குள் கிழிந்துவிட்டது. நடுவர் வந்து விளைச்சல் அட்டவணை எங்கே என்று கேட்டபோது காட்ட அவளிடம் ஒன்றும் இல்லை.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல் சொன்னதைத்தான் அவள் செய்தாள்.

ஆங்கிலத்தில் போஸ்ட் என்றால் நட்டு வைத்த கம்பம். லத்தீன் போஸ்டிஸ் வழியாக வந்தது. கம்பத்தில் அறிவிப்பை மாட்டுவதும் போஸ்ட் ஆகி, மாட்டப்படுவது போஸ்டர் ஆனது. கருத்தரங்குக்குள் இது நுழைந்தது அண்மையில்தான்: 1960களின் கடைசியில் ஐரோப்பாவில், 1974 வாக்கில் அமெரிக்காவில், உயிர்வேதியியல்காரர்களின் கூட்டங்களில். கட்டுரைகள் குவிந்தன, மேடையில் நேரம் போதவில்லை. சரி, எழுதி மாட்டிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள், வருகிறவர்கள் கேட்கட்டும் என்றார்கள்.

பக்கத்தில் நிற்பது என்பதுதான் இதன் உயிர். சுவரொட்டியை ஒட்டியவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். அது நூற்றுக்கணக்கில் அடிப்பது, பேருந்தில் போகிறவர் கண்ணில் ஒரு நொடி படுவதற்காக. கருத்தரங்கில் வைப்பது ஒரே ஒரு பிரதி, பெரும்பாலும் ஏ0 அளவு, அதாவது 841க்கு 1189 மில்லிமீட்டர். சற்றுத் தள்ளி நின்று ஐந்து நிமிடம் படிப்பதற்காக, படம், அட்டவணை, முறை, முடிவு என்று எல்லாம் இருக்க வேண்டும். கண்ணீர் அஞ்சலிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் சுவரொட்டி அருமையான சொல், அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கறிக்கடையில் சுவரொட்டி கேட்டால் ஆட்டு மண்ணீரல் தருவார்கள், அதுவும் நல்ல தமிழ்தான். ஆனால் ஆய்வுக்கு இது பொருந்தவில்லை.

மொழிபெயர்க்கும் நண்பர் ஒருவர் வாதாடினார்: ஆங்கிலத்திலும் கம்பம் இல்லாமல்தானே போஸ்டர் என்கிறார்கள், தமிழில் மட்டும் சுவர் ஏன் இருக்க வேண்டும் என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. போஸ்டர் என்று சொல்கிற ஆங்கிலேயர் காதில் கம்பம் விழுவதில்லை. சுவரொட்டி என்றால் நமக்குச் சுவரும் விழுகிறது, ஒட்டுவதும் விழுகிறது, இரண்டும் விழித்தபடியே இருக்கின்றன. அதனால்தான் அந்த அழைப்பிலும் "ஒட்டிவிட வேண்டும்" என்று வினை தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. எழுதியவர் பலகையைப் பார்த்திருந்தும் கை அப்படி எழுதிவிட்டது!

பதாகை என்கிறார்கள் சிலர். வடமொழிப் பதாகா, கொடி என்று பொருள். இப்போது ஃபிளெக்ஸுக்கு அது நிலைத்துவிட்டது, வரவேற்பு வளைவு ஞாபகம்தான் வரும். வேண்டாம்.

என் பரிந்துரை தட்டி. மூங்கில் சட்டத்தில் தாளோ துணியோ கட்டி நிறுத்தி வைப்பதை நாம் தட்டி என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். கொட்டகை வாசலில் தட்டி வைத்தார்கள், பொதுக்கூட்டத்துக்குத் தட்டி கட்டினார்கள். கிருஷ்ணகிரியில் மாம்பழக் காலத்தில் சாலையோரம் செந்தூரா, பெங்களூரா என்று விலை எழுதிச் சாய்த்து வைக்கிறார்களே, பக்கத்திலேயே ஆளும் உட்கார்ந்திருப்பார், விவரம் கேட்டால் சொல்வார். நமக்கு வேண்டியதும் அதுதானே! மலையாளத்திலும் கன்னடத்திலும்கூட இருக்கிற சொல் என்பதால் ஓசூர்ப் பக்கம் விளக்க வேண்டியதே இல்லை. ஆய்வுத் தட்டி, தட்டி அரங்கு என்று சேர்த்துக்கொள்ளலாம். இந்தியில் இதற்குக் கூசும்படியான பொருள் உண்டு என்று ஒருவர் எச்சரித்தார். அங்கேயும் மறைப்புத் தட்டிதான் முதல் பொருள், மற்றது பின்னால் ஒட்டியது. அதற்காக நம் சொல்லை நாம் விட வேண்டுமா?

சுவரொட்டியோடு இது முடிந்தால் பரவாயில்லை. அதே அழைப்பில் மேடையில் பேசுவது "வாய்வழி விளக்கக்காட்சி". வாய்வழி என்றால் மருந்து கொடுப்பதுதான் நினைவுக்கு வருகிறது. உரை என்ற இரண்டெழுத்துச் சொல் என்ன பாவம் செய்தது? தொடக்கத்தில் பேசுகிறவர் "முக்கிய குறிப்புப் பேச்சாளர்". அவர் குறிப்பா எடுக்கிறார்? மையவுரை என்றால் போதாதா? ஒர்க்‌ஷாப்புக்குப் பயிலரங்கு என்று நல்ல சொல் இருக்க, "பட்டறை"யாம். எங்கள் ஊரில் பட்டறைக்குப் போகிறேன் என்றால் கொடுவாளைத் தட்டக் கொண்டுபோகிறேன் என்று அர்த்தம். மொழிபெயர்ப்பு இயந்திரம் தருவதை எடுத்து ஒட்டிவிட்டு, இதைப் படித்து ஒரு மாணவி என்ன செய்வாள் என்று யாரும் ஒரு நிமிடம் யோசிப்பதில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

என் மாணவி இப்போது கெட்டித் தாளில் மறுபடி செய்கிறாள். நடுவில் பெரிதாக ஒரே முடிவு, இடப்பக்கம் விதை நேர்த்தி செய்த முறை, வலப்பக்கம் அந்த விளைச்சல் அட்டவணை. அடுத்த கருத்தரங்கு நடத்துகிறவர்களுக்கு நான் ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கிறேன்: "ஆய்வுத் தட்டிகளைக் காலை 10 மணிக்குள் பலகையில் பொருத்தி, அருகில் நிற்கவும்."