அறிவிப்பு வராத வேலைகள்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இளைஞர்களுக்கு வேலை வழிகாட்டும் பணியில் இருக்கிறேன். தொண்டியிலிருந்து வருகிறவரானாலும் சாயல்குடியிலிருந்து வருகிறவரானாலும், "இதுவரை எப்படித் தேடினீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டே பதில்கள். ஒன்று, அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். மற்றொன்று, மாமா விசாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். இரண்டுமே நல்ல வழிகள்தாம். ஆனால் இரண்டிலும் தேடுவதைவிடக் காத்திருப்பதே அதிகமாக இருக்கிறது. என் கவலை அதுதான்.

2024ஆம் ஆண்டு குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமின்றி வகுப்பு நடக்கிறது. அதில் சேர்ந்து படியுங்கள். ஆனால் மூன்று ஆண்டுகள் வேறு எதையும் தொடாமல் வீட்டில் இருந்து படித்துவிட்டு, பிறகு தனியார் நிறுவனத்துக்குப் போனால், "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்குப் பிள்ளைகள் தலைகுனிகிறார்கள். பாதி நாள் வேலை, மீதி நாள் படிப்பு என்று இருந்தவர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அரசுப் பணி என்றாலே குரூப் 4 மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். கடலோரக் காவல் படையின் நாவிக் எனப்படும் மாலுமிப் பணிகளில் ஒரு பிரிவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். அலையில் வளர்ந்த பிள்ளைகள் அதற்கு விண்ணப்பிக்காமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. அதே அலுவலகங்களில் வெள்ளிக்கிழமைகளில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள் நடக்கின்றன. தமிழக அரசின் தனியார் வேலை இணையத்திலும், மத்திய அரசின் தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை இணையத்திலும் பதிவு செய்யக் காசு கிடையாது. இவ்வளவையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

வெளிநாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே வீடுகள் கடன்படுவது அதில்தான். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்டுக்கு உரிம எண் உண்டு. அது உண்மையானதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்குமேல் ஜி.எஸ்.டி. மட்டும். ஆனால் நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, ரசீதுகூட இல்லாமல் வருகிறார்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற முத்திரை இருக்கும், அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். "சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று எவர் சொன்னாலும், அவர் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும், மறுத்துவிடுங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப் போய் மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கும்பல்களிடம் ஒப்படைத்த கொடுமையைத் தமிழக இளைஞர்கள் அனுபவித்திருக்கிறார்கள். 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கும்போது, அங்கே ஒரு முறைகூட விசாரிக்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இனி, நான் அதிகம் வற்புறுத்தும் வழி. இந்தக் கரையில் உள்ள வேலைகளில் பெரும்பகுதிக்கு விளம்பரமே வருவதில்லை. மண்டபத்து நண்டுக் கம்பெனியோ, இராமேசுவரத்து விடுதியோ, ஐஸ் தொழிற்சாலையோ ஆள் வேண்டுமென்றால் செய்தித்தாளில் போடுவதில்லை, இருக்கிற ஆளிடம் "யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எழும் நேரத்தில் உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குக் காலம் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி நிற்பதால் ஊரே வேலையற்றுக் கிடப்பதாகத் தோன்றும். ஆனால் படகுப் பழுது பார்ப்பதும், எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்வதும், வெல்டிங்கும், பெயின்ட் அடிப்பதும் அந்த இரண்டு மாதங்களில்தான். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவர் மார்ச் மாதமே பட்டறைகளில் சொல்லி வைத்துவிட வேண்டும். குளிர்சாதன மெக்கானிக் படித்த பெரியபட்டினத்து இளைஞர் ஒருவர் சென்னைக் கம்பெனிகளுக்கே விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தார். மீன் பதப்படுத்தும் இடங்களிலெல்லாம் குளிர் அறை இருக்கிறதே, அங்கே கேட்டுப் பாருங்கள் என்றேன். அவருக்கு அது தோன்றவே இல்லை. இராமேசுவரத்தில் ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு முன்னால் விடுதிகளுக்கு ஆள் தேவைப்படும். வட இந்தியப் பயணிகள் நிறைய வருவதால் கொஞ்சம் இந்தி பேசத் தெரிந்தவரை வரவேற்பு மேசையில் மகிழ்ச்சியாக உட்கார வைப்பார்கள். கமுதியில் 2016இல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. எலெக்ட்ரீஷியன் படித்தவர்கள் அங்கே பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர்கள் யார் என்று விசாரிக்கலாம்.

நேரில் போய் "வேலை இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். மாறாக, "இந்த வேலைக்கு எப்படிப்பட்டவரை எடுப்பீர்கள், என்ன தெரிந்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் நின்று பதில் சொல்வார்கள். பேசிவிட்டு, படிப்பு, தெரிந்த வேலை, தொலைபேசி எண் எழுதிய ஒரே ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வாருங்கள். கோப்பு நிறையச் சான்றிதழ் நகல்களை யாரும் புரட்டுவதில்லை.

வீட்டைவிட்டுத் தொலைவு போக அனுமதி இல்லாத பெண்களுக்கு, "வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை, பதிவுக் கட்டணம் 2,000" என்று வாட்ஸ்அப்பில் வருவது வேலையே அல்ல. வேலை கொடுப்பவர் பணம் வாங்க மாட்டார். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். தாமதித்தால் பணத்தை முடக்குவது கடினம். ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தின் இலவசத் தையல், அழகுக்கலை வகுப்புகள் இவர்களில் பலருக்குப் பொருந்தும்.

யாரிடம் சொல்வது என்பதிலும் நமக்குக் கூச்சம் அதிகம். வேலை இல்லை என்று வெளியே தெரிந்தால் மதிப்புக் குறையும் என்று நெருங்கிய சொந்தத்திடம் மட்டும் சொல்கிறோம். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றோரில் 100க்கு 17 பேருக்குத்தான் அடிக்கடி சந்திக்கும் ஒருவர் வழிகாட்டியிருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கும் மனிதர்கள்தாம் தகவல் தந்தார்கள். காரணம் எளியது: நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்தவருக்குத் தெரிந்தது தெரிந்திருக்காது. ஆகவே கல்லூரியில் இரண்டு ஆண்டு மூத்தவர், பழைய ஐ.டி.ஐ. ஆசிரியர், அக்காவின் தோழி வேலை பார்க்கும் அலுவலகம், கீழக்கரைக்கு விடுமுறையில் வந்திருக்கும் சபுராளி (வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்), மீன் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் என்று ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். "நான் இன்னது படித்திருக்கிறேன், இந்த வேலை தேடுகிறேன், காதில் விழுந்தால் சொல்லுங்கள்" என்று இரண்டு வரி அனுப்பினால் போதும். ஒரு மாதம் கழித்து, தொந்தரவு என்று நினைக்காமல், அதே ஆட்களிடம் மறுபடியும் கேளுங்கள்.