ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள்

வேதாரண்யம், வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து சூடேறி வரும் கார்களில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் பெரும்பாலும் துருநிறத் தண்ணீர்தான் இருக்கும். மூடியின் ரப்பரைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட் குறைந்தபோதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றியதன் விளைவு இது.

கடலோர நிலத்தடி நீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். கால்சியமும் மெக்னீசியமும் சூட்டில் சுண்ணாம்பாகி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும். அப்புறம் தண்ணீர் நிறைய இருந்தாலும் சூடு இறங்காது. இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போவது இப்படித்தான்.

"நம்ம ஊர்ல என்ன பனியா உறையுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் கிட்டத்தட்ட 107 டிகிரி வரை தாங்கும், மூடியின் அழுத்தம் அதை இன்னும் உயர்த்தும். அதைவிட முக்கியம், அதிலுள்ள துருத்தடுப்பு மருந்து. வெயில் ஊருக்குத்தான் அது கட்டாயம் தேவை.

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்கைப் பாருங்கள். அளவு மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் வாங்கினால் 5 லிட்டர் பிடிக்கும் காருக்கு இரண்டரை லிட்டர் கூலன்ட், இரண்டரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக்கு விற்கும் அதே தண்ணீர் போதும். ஏற்கெனவே தண்ணீர் கலந்து வரும் ரெடிமிக்ஸ் என்றால் ஒரு சொட்டும் கலக்க வேண்டாம். பச்சை, சிவப்பு என்று நிறம் பார்த்து வாங்காமல், கார் புத்தகத்தில் போட்டிருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

நடுவழியில் வேறு வழியில்லாமல் போர் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால், இன்ஜின் ஆறிய பிறகு ஊற்றி ஊர் வந்து சேருங்கள். அதே வாரத்தில் முழுவதும் வடித்து, டிஸ்டில்டு வாட்டரால் தெளிவாக வரும்வரை அலசி, புது கூலன்ட் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றையும் எடுத்துவிடுங்கள்.

அடிக்கடி அளவு குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. ஹோஸ் முனை, வாட்டர் பம்ப் அடிப்பக்கம் பாருங்கள். இன்ஜின் ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறியிருந்தால் அதில் கூலன்ட் கலந்திருக்கலாம், வண்டியை ஸ்டார்ட்டே செய்யாதீர்கள்.

சம்பா அறுவடை நேரத்தில், ரோட்டில் நெல் காயப்போடும் ஊர்களைத் தாண்டி வரும் கார்களில் தூசும் வைக்கோல் துணுக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி மெதுவாகக் காற்றடிக்கச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸ் வேகத்தில் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

  

வடித்த பழைய கூலன்ட்டை வாய்க்காலிலோ கொல்லையிலோ ஊற்றாதீர்கள். தித்திப்பாக இருப்பதால் நாயும் மாடும் நக்கிக் குடிக்கும், குடித்தால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். மூடியுள்ள கேனில் பிடித்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.