விட்டுவிட்டு மக்கர் செய்யும் கியர்: பாக்ஸை இறக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

ஒரே மாதத்தில் வந்த மூன்றாவது ரெக்கவரி வண்டி, அதாவது பழுதான வண்டிகளைக் கட்டி இழுக்கும் வண்டி, இது. மூன்றும் பதினைந்து வயதைத் தாண்டியவை. மூன்றின் கியர் பாக்ஸையும் வெவ்வேறு பட்டறைகளில் ஏற்கெனவே இறக்கிப் பிரித்து, சிங்க்ரோ வளையங்களையும் (கியர் சத்தமில்லாமல் விழ, பற்களின் வேகத்தை ஒன்றாக்கும் வளையங்கள்) பேரிங்குகளையும் மாற்றிப் பூட்டியிருந்தார்கள். ஆனால் கியர் சில நேரம் விழ மறுக்கும் பழைய குறை அப்படியே இருந்தது. மார்த்தாண்டம் பக்கம் கனரக வண்டி வேலை பார்க்கும் என்னால் இதை இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடைசியாக வந்த வண்டிக்காரர் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, ஒரு நேரம் ஒத்த விரல்ல கியர் விழுது, ஒரு நேரம் ரெண்டு கையால தள்ளினாலும் விழல்ல." காலையில் என் பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. ஆகவே பழுதான ஒரு டெம்போவைப் பின்னால் கட்டி, நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டு, தக்கலை வரை போய்த் திரும்பச் சொன்னேன். திரும்பும் வழியில், மார்த்தாண்டம் இரும்பு மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் ஊர்ந்தபோது, முதல் கியர் விழ மறுத்தது. அங்கேயே எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தியதும் அதே கியர் சத்தமில்லாமல் உள்ளே போனது. கியர் பாக்ஸ் நிரபராதி என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. கீழே படுத்துப் பார்த்தபோது, கிளட்ச் ஆயில் போகும் ரப்பர் ஹோஸைப் பிடித்திருந்த கிளிப் கழன்று, ஹோஸ் சைலன்சர் குழாயின்மேல் சாய்ந்து கிடந்தது. சூட்டில் இளகிய ரப்பர், பெடலை மிதிக்கும்போதெல்லாம் உப்பி அழுத்தத்தைத் தானே விழுங்கியதால், கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் கம்பி காலையில் நகர்ந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான் நகர்ந்தது. ஹோஸ், கிளிப், புதிய ஆயில் என்று ஒரு மதியத்தில் முடிந்த வேலைக்காக, அவர் அதுவரை கியர் பாக்ஸை இரண்டு முறை இறக்கியிருந்தார்.

கியர் விழவில்லை என்றால் கியர் பாக்ஸ் போய்விட்டது என்ற இந்த நம்பிக்கையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தேய்ந்த பல் இரவோடிரவாக முளைப்பதில்லை. உடைந்த பேரிங் காலையில் சேர்ந்துகொண்டு மதியம் மறுபடி உடைவதில்லை. பாக்ஸுக்குள் பழுது இருந்தால், பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும், காலையிலும் மாலையிலும், பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே மாதிரி கரகரக்கும். வந்து வந்து போகும் குறைக்கோ, மாறிக்கொண்டே இருக்கும் ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும்: சூடு, பாரம், ஈரம், ஆயிலின் அளவு. அதைத் தேடாமல் பாக்ஸைப் பிரிப்பது, காய்ச்சலுக்கு எலும்பை அறுப்பது போன்றது.

எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லா கியரும் விழுந்து, ஓடும்போது மட்டும் விழாவிட்டால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை, எஞ்சினின் சுழற்சி பாக்ஸுக்குள் இன்னும் போகிறது என்று பொருள். கிளட்சை அடிவரை மிதித்து, ஐந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். பழைய லாரிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ இல்லாததால், கிளட்ச் இழுத்துக்கொண்டிருந்தால் அது உடனே கரகரத்துக் காட்டிக்கொடுக்கும். எஞ்சின் நின்றிருக்கும்போதே கியர் விழவில்லை என்றால் லீவர் புஷ்களையும் இணைப்புக் கம்பிகளையும் முதலில் பாருங்கள். பாரம் இழுக்கும்போது மட்டும் கியர் தெறித்து வெளியே வந்தால், உள்ளே பல் தேய்ந்திருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன், எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்து இழுவையில் எஞ்சினே சாய்கிறதா என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

கிளட்ச் ஆயில் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த வண்டிகளின் கிளட்சில் ஊற்றுவது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, போதாததற்குக் கடல் காற்று என்று வாழும் நாம் அதை எளிதில் மறக்கக்கூடாது. டாட் 3 என்ற பிரேக் ஆயில் வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் அந்த வரம்பே 140 டிகிரிதான். சைலன்சர் பக்கமாகப் போகும் குழாயில் அது கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால் பெடல் பஞ்சாகிவிடும். ஆறியதும் குமிழ் மறைந்து பெடல் பழையபடி ஆகிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த ஆயிலை மாற்றுங்கள். அவசரத்துக்குக் கிளட்ச் ஆயில் டப்பாவில் எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றாதீர்கள். சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிப்போய், மொத்தத்தையும் மாற்ற நேரிடும்.

கியர் ஆயிலைக் கெட்டியாகப் போட்டால் சரியாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 140 கிரேடு ஊற்றிவருபவர்களும் உண்டு. சிங்க்ரோ வளையம் உராய்வால் வேலை செய்வது. ஆயில் படலம் கெட்டியானால் அது பிடிக்காது, காலைக் குளிரில் கியர் இன்னும் முரண்டும். வண்டியின் கையேட்டில் சொன்னதை மட்டும் ஊற்றுங்கள். ரெக்கவரி வண்டிக்காரர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும்: கிரேனுக்கு விசை எடுக்கும் பி.டி.ஓ., கியர் பாக்ஸின் பக்கவாட்டில் பொருந்தும் இடத்தில் கசிவு இருந்தால், ஆயில் அளவு சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே போகும். ஆயிலை வடிக்கும்போது கண்ணால் பாருங்கள்; பொன்னிறப் பொடி சிறிது இருப்பது வழக்கம், இரும்புச் சில்லு கிடைத்தால் மட்டும் பாக்ஸைப் பிரிக்கலாம்.

ஓட்டுநர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். "இப்போ விழுதுல்லா, பிறகு பார்த்துக்கலாம்" என்று சொல்லி, பின்னால் ஒரு வண்டியைக் கட்டிக்கொண்டு பேச்சிப்பாறைப் பக்கத்து இறக்கங்களில் போகாதீர்கள். இறக்கத்தில் கீழ்க் கியருக்கு மாற்ற முயன்று, அது விழாமல் நியூட்ரலில் நின்றுவிட்டால், எஞ்சின் பிடிப்பு இல்லாமல் இரண்டு வண்டிகளின் எடையும் பிரேக்கின்மேல் விழும். தொடர்ந்து மிதித்த பிரேக் சூடேறினால் அதன் பிடிப்பும் குறையும். குறை தெரிந்த நாளிலேயே இழுவை வேலையை நிறுத்துங்கள்.

பட்டறைக்கு வரும்போது ஒரு சிறு காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்: எந்த கியர், எத்தனை மணிக்கு, புறப்பட்டு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, பின்னால் பாரம் இருந்ததா, மழை பெய்ததா, பெடல் எப்படி இருந்தது. அந்தக் காகிதம் இருந்தால், ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் நானே உங்களோடு வண்டியில் ஏறி வருகிறேன்.